பகலில் எக்செல், இரவில் வாலரண்ட்

சாஆவில் இன்றைக்குச் செம்பனைக் குலை என்ன விலை போகிறது என்று கேட்டால் காப்பிக் கடையில் நாலு பேர் பதில் சொல்வார்கள். 27 அங்குல மானிட்டரை நேரில் பார்க்க வேண்டும் என்றால் ஊரை விட்டுத்தான் கிளம்ப வேண்டும். லாபிசுக்கும் யோங் பெங்குக்கும் நடுவில், கடை வரிசையும் அதைச் சுற்றித் தோட்டங்களுமாக இருக்கிற சின்ன ஊர் இது. கைப்பேசிக்கு உறை போடலாம், பிரிண்டருக்கு மை வாங்கலாம். மானிட்டர்களை வரிசையாக வைத்து ஒப்பிட்டுப் பார்க்க இங்கே வழியில்லை.

ஷாப்பியில் வாங்கிவிடலாம் என்றான் மகன். விலையும் குறைவுதான். ஆனால் ஒரு மானிட்டரின் படத்தை இன்னொரு மானிட்டரில் பார்த்து முடிவு செய்வது எனக்கு ஒப்பவில்லை. என் பழைய திரையில் எந்தப் புதுத் திரையின் படத்தைப் பார்த்தாலும் என் பழைய திரையின் மங்கல்தான் தெரியும்.

எங்கள் வீட்டில் ஒரே மேசை, ஒரே கணினி. பகல் முழுக்க அது எனக்கு. சிறு தோட்டக்காரர்கள் சிலருக்கு வரவு செலவுக் கணக்கு எழுதுகிறேன். இடையிடையே தமிழ்ப் பயிற்சி நூல்களுக்கும் கோயில் திருவிழா மலர்களுக்கும் மெய்ப்புப் பார்க்கிறேன். இரவுச் சாப்பாடு முடிந்தால் அது மகனுக்கு. படிவம் ஐந்து, எஸ்பிஎம் வருடம். ஆனாலும் வாலரண்ட் ஒரு மணி நேரமாவது ஆடாமல் அவனுக்குத் தூக்கம் வராது. விளையாட்டு என்றாலே வெட்டிவேலை என்று சொல்கிற ஆள் நான் இல்லை. 2013இல் சியாட்டிலில் நடந்த டோட்டா 2 உலகப் போட்டியில் மலேசியாவின் ஆரஞ்சு அணி மூன்றாவதாக வந்த கதையை இவன் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். அதையெல்லாம் கேட்டுத்தான், இரண்டு பேருக்கும் பொருந்துகிற ஒரே திரையாக வாங்குவோம் என்று ஒத்துக்கொண்டேன்.

"240 ஹெர்ட்ஸ் இருந்தா போதும்மா. மத்தது உங்க இஷ்டம்."

எனக்கு வேண்டியதும் ஒன்றே ஒன்றுதான். அச்சில் பத்து பாயிண்டில் வருகிற தமிழ் எழுத்து, திரையில் அதே அளவில் கண்ணை இடுக்காமல் தெரிய வேண்டும்.

யோங் பெங்கில் நெடுஞ்சாலை ஏறி, தெற்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினால் ஜொகூர் பாரு. ஹாலிடே பிளாசா அங்குள்ள பழைய பேரங்காடிகளில் ஒன்று. கைப்பேசி, கணினி, உதிரிப்பாகம், பழுது பார்ப்பு என்று கடைக்குப் பக்கத்தில் கடை. கோலாலம்பூரின் லோ யாட் பிளாசா அளவுக்குப் பெரியதில்லை. ஆனால் கடைக்காரர்களுக்குப் பேச நேரம் இருக்கும்.

நாங்கள் நுழைந்த கடையில் ஒரு சுவர் முழுக்க மானிட்டர்கள். எல்லாவற்றிலும் ஒரே படம் ஓடிக்கொண்டிருந்தது: கிளி பறக்கிறது, மை தண்ணீரில் கரைகிறது, கார் ஒன்று பனியில் சறுக்குகிறது. நானூற்றுச் சொச்சம் வெள்ளித் திரையும் இரண்டாயிரத்து ஐந்நூறு வெள்ளித் திரையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரிந்தன. மகன் அதில் மயங்கி நின்றான். நான் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். எல்லா எச்டிஎம்ஐ கேபிளும் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியில் போய்ச் சேர்ந்தன. ஒரே சிக்னலைப் பத்தாகப் பிரித்துக் கொடுக்கிற ஸ்பிளிட்டர். அதிலிருந்து போவது 1080பி, 60 ஹெர்ட்ஸ். 4கே திரைக்கும் அதுதான், 240 ஹெர்ட்ஸ் திரைக்கும் அதுதான். அந்தச் சுவரில் கூடுதல் விலைக்கு எது கிடைக்கிறதோ, அது ஒன்றைத்தான் பார்க்க முடியாது. போதாக்குறைக்கு எல்லாத் திரையும் முழு வெளிச்சத்தில், நிறத்தைக் கூட்டிவைத்த நிலையில்.

கடையில் நின்ற பையன் தமிழன். "தம்பி, இந்த வயரக் கழட்டிட்டு ஒரு கணினியில நேரா மாட்டிக் காட்ட முடியுமா?" என்று கேட்டேன்.

"எந்த மாடல்க்கா?"

"ஒவ்வொண்ணா பாக்கணும்."

அவன் கொஞ்சம் யோசித்தான். கடையில் கூட்டமில்லை. "வாங்கக்கா" என்று பின்னால் இருந்த மேசைக்குக் கூட்டிப் போனான். சனிக்கிழமை சாயங்காலம் போயிருந்தால் இது நடந்திருக்காது. மானிட்டர் பார்க்கப் போகிறவர்கள் வார நாளில், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் போய்விடுவது நல்லது.

கையோடு ஒரு பென்டிரைவ் கொண்டுபோயிருந்தேன். அதில் நான் வேலை பார்க்கிற ஒரு பயிற்சி நூலின் பிடிஎஃப், பெரிய எக்செல் கோப்பு ஒன்று, முழு வெள்ளை, முழுக் கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து வெறும் படங்கள். கூடவே அதே பிடிஎஃபின் ஒரு பக்கத்தைத் தாளில் அச்செடுத்து மடித்துக் கைப்பையில் வைத்திருந்தேன். இந்தத் தாள்தான் அன்றைக்கு மிகவும் பயன்பட்டது. திரையில் பக்கத்தை அச்சளவுக்குப் பெரிதாக்கி, தாளைத் திரையின் ஓரத்தில் ஒட்டிப் பிடித்து, இரண்டும் ஒரே அளவாகும்வரை சரிசெய்துவிட்டுப் பார்ப்பேன். தம்பிக்கு முதலில் சிரிப்பு. பிறகு அவனே தாளைப் பிடித்துக்கொண்டான்.

ஏன் இந்தப் பாடு என்றால், கணக்கு இப்படிப் போகிறது. 27 அங்குலத்தில் 1080பி என்றால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 82 பிக்சல். அதே 1080பி 24 அங்குலத்தில் 92. 27 அங்குலத்தில் 1440பி என்றால் 109. 4கே என்றால் 163. ஓர் அங்குலத்தில் 72 பாயிண்ட். ஆக, அச்சளவில் பத்து பாயிண்ட் எழுத்துக்கு முதல் திரையில் கிடைப்பது பதினொரு பிக்சல் உயரம், இரண்டாவதில் பதின்மூன்று, 1440பியில் பதினைந்து, 4கேயில் இருபத்திரண்டுக்கு மேல். அந்தப் பதினொன்றுக்குள் மேல் விலங்கு, கீழ்ச் சுழி, புள்ளி எல்லாம் அடங்கியாக வேண்டும். ஆங்கிலச் சிற்றெழுத்து இந்த இடத்தில் பிழைத்துக்கொள்ளும். நம் எழுத்துக்கு நெருக்கடி.

'கி'யையும் 'கீ'யையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விலங்கின் நுனியில் இருக்கிற ஒரு சுழி. 27 அங்குல 1080பி திரையில், அச்சளவில், அந்தச் சுழி மூன்று சாம்பல் கட்டங்களாகத்தான் தெரிந்தது. நடுவில் துளை இல்லை. வாசிக்கிறவருக்கு அது பொருட்டில்லை. சொல்லைப் பார்த்ததும் மூளை சரியான எழுத்தைப் போட்டுக்கொள்ளும். மெய்ப்புப் பார்க்கிறவருக்கு அதுதான் ஆபத்து. 1440பியில் சுழிக்குள் வெள்ளை தெரிந்தது. 'ணூ'வில் கீழே இறங்குகிற கோடு அடுத்த வரியின் புள்ளியோடு ஒட்டவில்லை. 4கேயில் தாளுக்கும் திரைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க நான் கண்ணாடியைக் கழற்றிக் கிட்டே போக வேண்டியிருந்தது.

நம் நாட்டு முத்து நெடுமாறன் முரசு மென்பொருளோடு தமிழைக் கணினிக்குக் கொண்டுவந்தது 1980களில். 1987இல் வந்த விஜிஏ திரையே 640க்கு 480தான். அந்தக் கட்டங்களுக்குள் தமிழை உட்கார வைக்க எழுத்துரு செய்தவர்கள் எவ்வளவு மல்லுக்கட்டியிருப்பார்கள் என்று அன்றைக்கு அந்தக் கடையில் தோன்றியது. இன்றைக்குத் திரை வாங்குகிறவர் செய்ய வேண்டியது அதில் பாதிகூட இல்லை. 27 அங்குலத்தில் 1080பி வாங்காமல் இருந்தால் போதும். விலைச் சீட்டைப் பார்த்து நிறையப் பேர் விழுகிற இடம் அதுதான். பெரிய திரையாகவும் இருக்கும், மலிவாகவும் இருக்கும். எழுத்து மட்டும் உடைந்துபோயிருக்கும். 1080பி போதும் என்றால் 24 அங்குலத்தோடு நின்றுவிடுவது மேல்.

மகன் அதுவரை பொறுமையாக நின்றான். "இப்ப என் டர்ன்" என்று மௌஸை வாங்கிக்கொண்டான்.

டெஸ்ட்யூஎஃப்ஓ என்று ஒரு இணையப் பக்கம் இருக்கிறது. பறக்கும் தட்டு ஒன்று திரையின் குறுக்கே ஓடிக்கொண்டே இருக்கும். மேல் வரிசையில் முழு வேகம், அடுத்ததில் பாதி, அதற்கும் கீழே கால் வேகம். 180 ஹெர்ட்ஸ் திரையில் மேல் தட்டின் விளிம்பு தெளிவாக இருந்தது. மூன்றாவது வரிசையில் அது நடுங்கி நடுங்கிப் போனது. 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு படத்தைக் காட்டிவிட்டு அடுத்ததைக் காட்ட 16.7 மில்லி விநாடி எடுக்கிறது. 144இல் அது 6.9. 180இல் 5.6. 240இல் 4.2. எண்களைக் கவனித்தால் ஒன்று புரியும்: 60இலிருந்து 144க்குப் போனால் பத்து மில்லி விநாடி மிச்சம். 180இலிருந்து 240க்குப் போனால் மிச்சம் ஒன்றரைகூட இல்லை. ஹெர்ட்ஸ் ஏற ஏற, கொடுக்கிற காசுக்குக் கிடைப்பது சுருங்கிக்கொண்டே வருகிறது. போட்டியில் சம்பளத்துக்கு ஆடுகிறவருக்கு அந்த ஒன்றரை தேவைப்படலாம். எங்கள் வீட்டுப் பையனுக்கு, எஸ்பிஎம் முடிகிறவரையிலாவது, 180 தாராளம். அவன் முகம் கொஞ்சம் தொங்கியது. ஆனால் 180ஐயும் 240ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எது என்று சொல்லாமல் ஆடவிட்டபோது அவனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நான் எதிர்பாராத ஒன்றும் அங்கே நடந்தது. என் எக்செல் கோப்பைத் திறந்து வேகமாக உருட்டிப் பார்த்தேன். 60 ஹெர்ட்ஸில் உருட்டும்போது வரிகள் கலங்கி, நிறுத்தினால்தான் எண் தெரியும். 180இல் உருட்டிக்கொண்டே இருக்கும்போதே தோட்டக்காரர் பெயர் கண்ணில் பட்டது. நாள் முழுக்க மேலும் கீழும் உருட்டுகிற வேலை என்னுடையது. ஹெர்ட்ஸ் விளையாடுகிறவர்களுக்கு மட்டும் என்று நினைத்திருந்தால் அந்தக் கோப்போடு ஒரு தடவை கடைக்குப் போய்ப் பாருங்கள். எனக்கு இனி 60க்குத் திரும்ப மனமில்லை. 100 ஹெர்ட்ஸ் அலுவலகத் திரைகள்கூட இப்போது மலிவாக வருகின்றன. விளையாட்டே இல்லாத வீட்டுக்கும் அது போதுமான முன்னேற்றம்.

அடுத்தது வளைந்த திரை. "இது நல்லா போகுதுக்கா, விஏ பேனல், கறுப்பு செம்மையா இருக்கும்" என்றான் தம்பி. பொய்யில்லை. ஐபிஎஸ் திரையில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் வழக்கமாக ஆயிரத்துக்கு ஒன்று. விஏயில் மூவாயிரத்துக்கு ஒன்று போகும். இருட்டுக் காட்சியுள்ள படம் பார்க்கிறவருக்கு விஏ அழகு. ஆனால் இருட்டிலிருந்து இருட்டுக்கு நிறம் மாறுகிற இடத்தில் பல விஏ திரைகள் மெதுவானவை. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து இருக்கிற பக்கத்தை வேகமாக உருட்டினேன். எழுத்துக்குப் பின்னால் மை இழுபட்டது போல நிழல். மகன் ஆட்டத்தில் ஓர் இருண்ட மூலைக்குள் திரும்பியபோது அதே இழுப்பு. அவனே தலையாட்டி மறுத்தான். எனக்கு இன்னொரு காரணம் இருந்தது: பக்க வடிவமைப்பு பார்க்கும்போது அட்டவணைக் கோடு நேராக இருக்கிறதா என்று கண்ணால் பிடிக்க வேண்டும். வளைந்த திரையில் நேர்கோடு எது, கோணல் எது என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. கார் ஓட்டுகிற விளையாட்டுக்கும் 34 அங்குல அகலத் திரைக்கும் வளைவு பொருந்தலாம். 27 அங்குலத்துக்கு அது வெறும் தோரணை என்பது என் அபிப்பிராயம்.

ஓஎல்இடி திரையின் முன்னால் மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. கறுப்பு என்றால் கறுப்பு. ஒவ்வொரு பிக்சலும் தனித்தனியாக எரிவதால் அணைந்தது முழுக்க அணைந்திருக்கிறது. அட்டையில் 0.03 மில்லி விநாடி என்று போட்டிருந்தது, ஓட்டத்தில் கலங்கல் என்ற பேச்சே இல்லை. பிறகு என் பிடிஎஃபைத் திறந்தேன். 'ட'வின் அடிக்கோட்டிலும் 'க'வின் மேற்கோட்டிலும் மெல்லிய நிறக் கரை. ஒரு பக்கம் பச்சை, மறு பக்கம் ஊதாச் சிவப்பு. விண்டோஸ் எழுத்தைச் செதுக்குகிற கிளியர்டைப் முறை, சிவப்பு பச்சை நீலம் வரிசையாக நிற்கிற பழைய எல்சிடி பேனலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. இந்த வகை ஓஎல்இடியில் அவை முக்கோணமாக உட்கார்ந்திருக்கின்றன. படத்தில் தெரியாது, விளையாட்டில் தெரியாது. படுக்கைக் கோடு நிறைய உள்ள எழுத்தில் தெரிகிறது. அதோடு, நாள் முழுக்க ஒரே இடத்தில் அசையாமல் நிற்கிற எக்செல் பட்டையும் விண்டோஸ் பட்டையும் காலப்போக்கில் திரையில் தடம் பதிக்கும் என்ற கவலை. அதற்கும் சேர்த்து உத்தரவாதம் தருகிற நிறுவனங்கள் உண்டுதான். ஆனால் என்னைப் போல எட்டு மணி நேரம் வெள்ளைத் தாளைப் பார்க்கிறவர்களுக்கு இது இன்னும் முதிரவில்லை. மாலையில் மட்டும் கணினி தொடுகிறவர், பணம் இருக்கிறவர், யோசிக்காமல் எடுக்கலாம்.

4கே விஷயத்தில்தான் எனக்குத் தடுமாற்றம். அந்த எழுத்தைப் பார்த்தபிறகு கண் கீழே இறங்க மறுத்தது. விண்டோஸில் 150 சதவீதம் பெரிதாக்கி வைத்தால் இடம் 1440பி அளவுக்கே கிடைக்கும், எழுத்து மட்டும் அச்சு மாதிரி. ஆனால் விளையாட்டுக்கு அது பாரம். 1440பியில் 36 லட்சத்துக்குச் சற்று மேல் பிக்சல். 4கேயில் 82 லட்சத்துக்கு மேல். இரண்டே கால் மடங்கு. எங்கள் கணினியில் இருப்பது ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு. வாலரண்ட் இலகுவான ஆட்டம், எதிலும் ஓடும். மற்றவை மூச்சு வாங்கும்.

தம்பி இங்கே நல்ல ஒரு விஷயம் சொன்னான். "அக்கா, 4கே திரையில 1080பி ஓட விட்டா சரியா நாலு பிக்சலுக்கு ஒண்ணு உக்காரும், அதுக்கான செட்டிங் போட்டா ஷார்ப்பா இருக்கும். 1440பி திரையில 1080பி போட்டா கணக்கு ஒட்டாது, கொஞ்சம் மங்கும்." உண்மைதான். 4கேயில் 160, தேவைப்பட்டால் 1080பியில் 320 என்று இரண்டு வேகத்தில் ஓடுகிற திரைகளே இப்போது வருகின்றன. ஒன்று அந்தக் கடையிலும் இருந்தது. வேலைக்கு ஒரு முகம், விளையாட்டுக்கு ஒரு முகம். எங்கள் தேவைக்கு அளந்து செய்தது போலத்தான். விலை ஆயிரத்து ஐந்நூறைத் தொட்டது. நல்ல 1440பி ஐபிஎஸ் திரை ஆயிரத்துக்குள் முடிகிறது. அந்த வித்தியாசத்தில் ஒரு நல்ல நாற்காலி வாங்கலாம், முதுகுக்கு அது அதிகம் உதவும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மெய்ப்பு மட்டுமே தொழிலாக இருந்திருந்தால், வீட்டில் விளையாட்டுக்காரர் யாரும் இல்லையென்றால், 60 ஹெர்ட்ஸ் 4கே திரையை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வந்திருப்பேன்.

ஆக 27 அங்குலம், 1440பி, ஐபிஎஸ், 180 ஹெர்ட்ஸ். இந்த நாலு சொல்லும் பொருந்துகிற திரைகள் கடையில் ஐந்தாறு இருந்தன. பெட்டியில் போட்டிருந்த மற்ற எண்களை வைத்து அவற்றைப் பிரிக்க முடியாது. 'ஒரு மில்லி விநாடி' எல்லாப் பெட்டியிலும் இருக்கிறது. அது எந்த நிறத்திலிருந்து எந்த நிறத்துக்கு, எந்த அமைப்பில் என்று பெட்டி சொல்வதில்லை. 'எச்டிஆர் 400' என்ற முத்திரையும் அப்படித்தான். உச்ச வெளிச்சம் 400 நிட்ஸ் தொட்டால் வாங்கிவிடலாம். திரையின் ஒரு பகுதியை மட்டும் மங்கச் செய்கிற வசதி அதற்குக் கட்டாயமில்லை. அந்த வசதி இல்லாத எச்டிஆரை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

பிரித்தது வேறு சில்லறை விஷயங்கள். முதலில் கால். மலிவான திரைகள் முன்னும் பின்னும் சாய மட்டும் சாயும், உயராது. என் உயரமும் மகன் உயரமும் ஒன்றில்லை. அவன் என்னைவிட ஒரு சாண் அதிகம். திரையின் மேல் விளிம்பு கண்ணுக்கு நேராகவோ சற்றுக் கீழேயோ இருந்தால்தான் கழுத்து தாங்கும். ஒரே மேசையை இரண்டு பேர் பங்கு போடுகிற வீட்டில், ஏற்றி இறக்குகிற கால் ஐம்பது அறுபது வெள்ளி கூடுதல் என்றாலும் தண்டமில்லை. இல்லாவிட்டால் பின்புறம் 100 மில்லிமீட்டர் சதுரத்தில் நாலு திருகுத் துளை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் தனியே கை வாங்கி மாட்டலாம்.

அடுத்து வெளிச்சம். கடையில் முழு வெளிச்சத்தில் எல்லாம் நன்றாக இருக்கும். நான் ஒவ்வொன்றையும் முப்பது சதவீதத்துக்கு இறக்கச் சொன்னேன், வீட்டில் இரவு வைக்கிற அளவு அதுதான். இறக்கிவிட்டுக் கைப்பேசிக் கேமராவைத் திரைக்குக் கிட்டே பிடித்தால், பின்விளக்கை வேகமாக அணைத்து அணைத்து மங்கச் செய்கிற திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடும். ஒரு திரையில் ஓடின. தலைவலி வருகிறவர்கள் அதை ஒதுக்குவது நல்லது. பிறகு முழுக் கறுப்புப் படம். மூலைகளில் மஞ்சளாக ஒளி கசிகிறதா என்று கடை விளக்கில் சரியாகத் தெரியாது; தம்பி தன் சட்டையையே கூடாரமாகப் பிடித்து மறைத்துக் காட்டினான். அவனுக்கு அன்றைக்கு வேறு வாடிக்கையாளர் வராதது எங்கள் அதிர்ஷ்டம்.

டைப்-சி துளை உள்ள திரை வேண்டுமா என்று கேட்டான். மடிக்கணினி வைத்திருந்தால் அது பெரிய வசதி. ஒரே கேபிளில் படமும் போகும், 65 வாட்டோ 90 வாட்டோ மின்சாரமும் வரும். எங்களிடம் மேசைக் கணினி. வேண்டாம் என்றுவிட்டேன்.

வாங்குவதற்கு முன்னால் பெட்டியைப் பிரித்து, அந்தத் திரையையே மாட்டிக் காட்டச் சொன்னேன். காட்சிக்கு வைத்தது வேறு, பெட்டியில் வருவது வேறு. ஐந்து நிறத்தையும் ஒவ்வொன்றாக ஓட விட்டு எரிந்தே நிற்கிற, அணைந்தே கிடக்கிற பிக்சல் தேடினோம். இதற்கு உலகத் தர அளவுகோல் ஒன்று 2001இலேயே வந்தது. அதில் பெரும்பாலான திரைகள் விழுகிற இரண்டாம் வகுப்பில், பத்து லட்சம் பிக்சலுக்கு எப்போதும் எரிவது இரண்டு, எப்போதும் இருண்டது இரண்டு வரை குறையில்லை என்று கணக்கு. அந்தக் கணக்கை அப்படியே பிடித்தால் 1440பி திரையில் ஏழு பொட்டு இருந்தாலும் சரியான சரக்குதான். பல நிறுவனங்கள் இதைவிடத் தாராளமாக நடந்துகொள்கின்றன. ஆனாலும் உத்தரவாதத் தாளில் எத்தனை பிக்சல் என்று எழுதியிருக்கிறது, மூன்று வருடமா ஒரு வருடமா, பழுதானால் யார் ஜொகூர் பாருவுக்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டோம். சாஆ மாதிரி ஊரில் இருப்பவர்களுக்கு இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். ரசீதைப் பத்திரப்படுத்தினால், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி அமைந்த நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே கொண்டுபோகலாம். அந்த அளவுக்குப் போகாது. ரசீது கையில் இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்து மாட்டியதும் மகன் ஆட்டத்தைத் திறந்தான். இரண்டு நிமிடத்தில் திரும்பினான். "அம்மா, கடையில பார்த்த மாதிரி இல்லையே." இல்லைதான். 180 ஹெர்ட்ஸ் திரையை மாட்டினாலும் விண்டோஸ் பல நேரம் அதை 60இலேயே ஓட்டும். டிஸ்பிளே அமைப்புக்குள் போய், அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்ற இடத்தில் 180ஐ நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மாதக்கணக்கில் 60இல் ஆடிக்கொண்டிருக்கிறவர்கள் எத்தனை பேரோ. அங்கே 180 தெரியவில்லை என்றால் கேபிளைப் பாருங்கள். பழைய எச்டிஎம்ஐ கேபிளை அப்படியே மாட்டியிருப்பீர்கள். 1440பிக்கு எச்டிஎம்ஐ 2.0 சுமார் 144 வரைதான் தாங்கும், பெட்டியில் வந்த டிஸ்பிளேபோர்ட் கேபிளை மாட்டினால் தீர்ந்தது. அதோடு, கார்டு படம் தருகிற வேகத்துக்கேற்பத் திரையை ஓட வைக்கிற அடாப்டிவ் சிங்க்கையும் திரையின் மெனுவில் திறந்துவிட வேண்டும். 2019 தொடக்கத்திலிருந்து என்விடியா கார்டும் ஃப்ரீசிங்க் திரையோடு ஒத்துப்போகிறது. அதற்கென்று தனியாகக் காசு கொடுத்த காலம் போய்விட்டது.

ஓவர்டிரைவ் என்று ஓர் அமைப்பு இருந்தது. மகன் அதை உச்சத்துக்கு வைத்தான். பெட்டியில் போட்ட ஒரு மில்லி விநாடி அந்த உச்சத்தில்தான் கிடைக்கிறது போலும். ஆனால் ஓடுகிற உருவத்துக்குப் பின்னால் வெளிறிய நிழல் ஒன்று முளைத்தது. பிக்சலை அளவுக்கு மீறி முடுக்கினால் நிறம் எல்லை தாண்டிப் போய்த் திரும்பி வருகிறது. நடு அமைப்புக்கு இறக்கியதும் போயிற்று. என் பங்குக்கு, வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் நிறுத்தி, திரையின் வெள்ளையும் தாளின் வெள்ளையும் ஒன்றாகும்வரை வெளிச்சத்தை இறக்கினேன். பகலில் ஒன்று, இரவில் ஒன்று என்று இரண்டு அமைப்பாகச் சேமித்து வைத்திருக்கிறோம்; பட்டன் ஒன்றைத் தட்டினால் என் திரை அவன் திரையாகிறது.

சாஆ பக்கம் மத்தியானம் இடி விழுகிற மழை அடிக்கடி வரும். மின்னல் பாய்ச்சலைத் தாங்குகிற பிளக் பலகை ஒன்று எழுபது எண்பது வெள்ளிக்கு வாங்கி மாட்டினேன். இடி கேட்டால் அதையும் நம்பாமல் வயரைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிடுகிறேன், கூடவே இணைய மோடத்தையும்.

இப்போது மகனுக்குப் புதுக் குறை. ஆட்டம் ஒன்றைப் புதிதாக இறக்கியிருக்கிறான். அதில் 180 வருவதில்லை, எண்பது தொண்ணூறில் நிற்கிறது. கோளாறு திரையில் இல்லை, கார்டில் என்று அவனே கண்டுபிடித்துவிட்டான். அடுத்து எந்த கிராபிக்ஸ் கார்டு என்று பட்டியல் போட ஆரம்பித்திருக்கிறான். எஸ்பிஎம் முடிவு வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.